ஏடிவி பின்னால 5 கொத்துக் கலப்பை மாட்டலாமா?

உடுமலை_தோப்பு:
வணக்கங்க. தென்னந்தோப்பு 6 ஏக்கர், மரத்துக்கு மரம் 25 அடி, செம்மண் கலந்த சரளை. வண்டி போலாரிஸ் ஸ்போர்ட்ஸ்மேன் 570 ஏடிவி (பைக் மாதிரி ஹேண்டில் வெச்ச நாலு சக்கர வண்டி), டிராக்டராவே பதிவான மாடல். பின்னால 2 இஞ்ச் சதுரக் குழாய் ஹிட்ச் (இழுவைக் கொக்கி மாட்டற இடம்) இருக்கு. மினி டிராக்டருக்கு வாங்கின 5 கொத்துக் கலப்பை ஒண்ணு சும்மா கிடக்கு. டிராக்டர்ல இருக்கற மாதிரி மூணு இடத்துல கலப்பையைப் பிடிக்கற மூணு பாயிண்ட் ஃபிரேம் அடிச்சு, 12 வோல்ட் ஆக்சுவேட்டர் (மோட்டார்ல நீண்டு சுருங்கற தண்டு) வெச்சுத் தூக்கி இறக்கலாம்னு பட்டறையில சொல்றாங்க. மினி டிராக்டரே 20 எச்.பி-தான், இது 30-க்கு மேல. அப்ப இழுத்துடும்ல? களை, மருந்து, காய் ஏத்தறது மூணுக்கும் எதை மாட்டினா சரி வரும்னும் சொல்லுங்க.

ஹிட்ச்பின்:
எச்.பி-யை விடுங்க, அது தேவைக்கு மேலயே இருக்கு. மணிக்கு 5 கி.மீ வேகத்துல 200 கிலோ இழுவைக்கு 4 எச்.பி-கூட வேண்டாம். இல்லாதது பிடிமானம். வண்டி 320 கிலோ சொச்சம், ஆளோட 400. புழுதியில நாலு சக்கரமும் சுத்தினாலும் எடையில 40, 50 சதவீதம் இழுத்தாலே பெரிசு. அதாவது 160லிருந்து 200 கிலோ.

கலப்பை எவ்வளவு கேட்கும்? 10 செ.மீ ஆழத்துல ஒரு கொத்து பெயர்க்கற மண்ணோட குறுக்குவெட்டு தோராயமா 100 சதுர செ.மீ. நடுத்தர மண்ணுக்குச் சதுர செ.மீ-க்கு 0.4 கிலோ போட்டா கொத்துக்கு 40, அஞ்சுக்கும் சேர்த்து 200. உங்க சரளை காய்ஞ்சு கிடந்தா இதுக்கு மேல. வண்டி நின்ன இடத்துலயே குழி பறிக்கும்.

அடுத்தது எடை. 5 கொத்து ஸ்பிரிங் கலப்பை 100 கிலோவைத் தாண்டும். அது பின் ஆக்சிலுக்கு 70 செ.மீ பின்னால தொங்குதுன்னு வைங்க. இந்த வண்டிக்குச் சக்கர இடைவெளி 128 செ.மீ. தூக்கினதும் முன் சக்கரத்துல இருந்து 55, 60 கிலோ கழண்டுடும். சமதளத்துல ஹேண்டில் லேசாகும். வரப்பு ஏறும்போது வண்டி திருப்பின பக்கம் போகாது. ஹிட்ச் மேல எவ்வளவு எடை இறங்கலாம்னு ஸ்டிக்கர்ல போட்டிருக்கும், படிச்சுப் பாருங்க. பல ஏடிவி-ல அது இந்தக் கலப்பையோட எடையில பாதிதான் வரும்.

ஆக்சுவேட்டர் விஷயம் பட்டறைக்காரருக்குத் தெரியாம இருக்கலாம். டிராக்டர் ஹைட்ராலிக் இறக்கி விட்டா கலப்பை மேடு பள்ளத்துக்கு ஏத்த மாதிரி தானா மிதக்கும். ஸ்க்ரூ ஆக்சுவேட்டர் நின்ன இடத்துல பூட்டிக்கும். ஏடிவி சஸ்பென்ஷன் ஒரு பள்ளத்துல அமுங்கினா கொத்து சடார்னு 15 செ.மீ உள்ள போகும். அப்ப வளையறது ஆக்சுவேட்டர் தண்டு, இல்லன்னா வண்டி ஃபிரேம்ல ஹிட்ச் உட்கார்ற தகடு. தூக்கற அமைப்பு எதுவா இருந்தாலும் நடுவுல ஒரு சங்கிலி, இல்ல நீளத் துளை விட்ட பட்டை இருக்கணும். தூக்கறதுக்கு மட்டும் அது இழுக்கணும், கீழே அழுத்தக் கூடாது.

மேட்டாங்காடு:
மேல சொன்னது அத்தனையும் சரி. பெல்ட்டையும் சேர்த்துக்குங்க.

இந்த வண்டில கியர் பல்லு இழுக்கறதில்ல, ரப்பர் பெல்ட் ரெண்டு கூம்புத் தகட்டுக்கு நடுவுல நசுங்கித்தான் இழுக்குது. எஞ்சின் சுத்து கம்மியா இருக்கும்போது நசுக்கல் பத்தாது, பெல்ட் வழுக்கும், சூடேறும். அதனால பின்னால எதை மாட்டினாலும் 'எல்'-ல (லோ கியர்) போட்டுத்தான் கிளம்பணும். 'எச்'-ல (ஹை கியர்) போட்டு ஆள் நடக்கற வேகத்துல சுமை இழுத்தா கருகின ரப்பர் வாடை வரும். வந்தா சுமையைக் கழட்டிட்டு நியூட்ரல்ல எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓட விடுங்க, உள்ள இருக்கற சூட்டுக் காத்து வெளியேறட்டும். சுமையோட ஒரே இடத்துல நின்னு வழுக்கின பெல்ட்டுல அந்த இடம் மட்டும் தேய்ஞ்சு இடுப்பு மாதிரி ஒடுங்கியிருக்கும். கிளம்பும்போது டக் டக்னு அடிக்கறது அதோட அடையாளம். புது பெல்ட் மாத்தறதுக்கு முன்னாடி தகட்டுல ஒட்டின கருப்புப் படலத்தைத் தேய்ச்சு எடுக்கணும், விட்டா புதுசும் அதே மாதிரி வழுக்கும்.

ரேடியேட்டர் முன்னால இருக்கு. மெதுவா ஓடறப்ப ஃபேன்தான் குளிர வைக்கணும். தோப்புல பறக்கற புல் விதையும் நாரும் அந்த வலையில அப்பிக்கும். உள்பக்கம் இருந்து வெளியே தண்ணி விட்டுக் கழுவுங்க, அழுத்தத்தைக் கம்மியா வெச்சு.

உடுமலை_தோப்பு:
கலப்பையை வித்துடறேங்க. அப்ப எதைத்தான் மாட்டறது? சின்ன ட்ரெய்லர் ஒண்ணு இருக்கு, அதோட கப்ளர் (ட்ரெய்லர் மூக்குல இருக்கற பூட்டுக் கிண்ணம்) 50 மி.மீ. ஹிட்ச்ல இருக்கற பால் (கப்ளர் மாட்டற இரும்புக் குண்டு) அதைவிடச் சின்னதாத் தெரியுது.

ஹிட்ச்பின்:
பாலை முதல்ல மாத்துங்க. சின்னது 1⅞ இஞ்ச், அதாவது 47.6 மி.மீ-யா இருக்கும். 50 மி.மீ கப்ளர் அதுல மாட்டிக்கும், பூட்டவும் செய்யும். ஒரு வாய்க்காலைக் குதிச்சதும் கழண்டுடும், அதுதான் ஆபத்து. 2 இஞ்ச் குழாய்க்கு 16 மி.மீ பின்னும் (குறுக்குக் கம்பி) அது கழண்டுடாம இருக்க ஆர் கிளிப்பும் போடுங்க. ஆணியை வளைச்சுச் சொருகாதீங்க. ட்ரெய்லர்ல பாரத்தை மொத்த எடையில பத்துல ஒரு பங்கு மூக்குல இறங்கற மாதிரி அடுக்குங்க. எல்லாத்தையும் பின்னால அடுக்கினா மூக்கு மேல தூக்கும், வண்டி வால் ஆட்டும்.

களைக்கு மண்ணைக் கிளற வேண்டிய அவசியமே இல்ல. தென்னையோட வேர்ல பெரும்பங்கு மரத்தைச் சுத்தி 2 மீட்டர் வட்டத்துல இருக்கு. தனி எஞ்சின் வெச்ச இழுவைப் புல்வெட்டிதான் ஏடிவி-க்குப் பொருத்தம். இந்த வண்டில பி.டி.ஓ (எஞ்சின் சுத்தைப் பின்னால மாட்டற கருவிக்குக் கொடுக்கற தண்டு) கிடையாது, அதனால ரோட்டாவேட்டர் பேச்சே எடுக்க முடியாது. வெட்டின புல் அங்கேயே மூடாக்கா கிடக்கட்டும். வெட்டறதுக்கு முன்னாடி மட்டையையும் பன்னாடையையும் பொறுக்கிடுங்க. பன்னாடை பிளேடு தண்டுல சுத்தி, எண்ணெய் கசியாம தடுக்கற ரப்பர் சீலை அறுத்துடும், ஏடிவி-யோட ஆக்சிலை மூடற ரப்பர் உறையிலயும் அதே கதைதான்.

மண்ணை லேசா கீறணும்னா 4 அடி டிஸ்க் ஹேரோ (வட்டத் தகடு வெச்ச கலப்பை), கோணத்தைக் குறைச்சு வெச்சு, மேல எடை ஏத்தாம ஒரு ஓட்டு. சக்கரம் வழுக்காம போனா அடுத்த ஓட்டுக்கு 20 கிலோ ஏத்துங்க. எருவைப் பரப்பவும் கட்டி உடைக்கவும் செயின் ஹேரோ (இழுத்துட்டுப் போற சங்கிலி வலை) போதும். மழை பெஞ்ச ரெண்டாம் மூணாம் நாள் ஈரத்துல ஓட்டினா பாதி இழுவையில வேலை முடியும்.

மருந்தடிப்பு:
களைக்கொல்லி அடிக்கத்தான் ஏடிவி லாயக்கு, தென்னை உச்சிக்கு இது எட்டாது. பின் கேரியர்ல 60 லிட்டர் டேங்க் போதும், பம்போட 70 கிலோ வந்துடும், ஸ்டிக்கர்ல இருக்கற அளவைத் தாண்டாதீங்க. 12 வோல்ட் பம்பு 7லிருந்து 10 ஆம்பியர் இழுக்கும். சாக்கெட்ல சொருகாம பேட்டரில இருந்து நேரா ஒயர் எடுத்து, பேட்டரிக்குப் பக்கத்துலயே 15 ஆம்பியர் ஃபியூஸ் போடுங்க.

அளவு: எல்லா நாசிலும் (மருந்து தெளிக்கற முனை) சேர்ந்து நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர்னு பக்கெட்ல பிடிச்சுப் பாருங்க. அதை 600-ஆல பெருக்கி, வேகத்தையும் (மணிக்குக் கி.மீ) அடிக்கற அகலத்தையும் (மீட்டர்) பெருக்கி வந்ததால வகுத்தா ஹெக்டேருக்கு லிட்டர் கிடைக்கும். 8 லிட்டர், 5 கி.மீ, 3 மீட்டர்னா 320. ஏக்கருக்கு 130 லிட்டர். வேகம் 5-லிருந்து 7-க்கு ஏறினாலே அது 93-க்கு இறங்கிடும், களை சாகலைன்னு மருந்தைக் குறை சொல்லுவீங்க.

மேட்டாங்காடு:
ஒண்ணு விட்டுப் போச்சு. விழுந்த மரம், மட்டைக் கட்டு எதையாவது இழுக்கும்போது கயித்தைப் பின் கேரியர் கம்பியில கட்டவே கூடாது. ஆக்சிலுக்கு மேல இழுவை வந்தா, மாட்டிக்கிட்ட நேரத்துல முன் சக்கரம் எழும்பி வண்டி ஓட்டறவர் மேலயே மல்லாக்கும். கீழ இருக்கற ஹிட்ச்ல மட்டும் கட்டுங்க. மண்ணுல இறங்கின எதையும் அப்படியே வெச்சு ரிவர்ஸ் எடுக்காதீங்க. ஹிட்ச் போல்ட்டெல்லாம் 8.8 கிரேடு (உறுதியான ரகம்) தானான்னு தலையில இருக்கற எண்ணைப் பாருங்க, முதல் நாள் வேலை முடிஞ்சதும் ஒரு தடவை முறுக்கிடுங்க.

உடுமலை_தோப்பு:
போல்ட் தலையில எண்ணே இல்லைங்க, மொட்டையா இருக்கு.

ஹிட்ச்பின்:
அப்ப மாத்திடுங்க. எம் 10-ஆ இருந்தா 8.8 போட்டு 45 நியூட்டன் மீட்டர் முறுக்கு, நைலாக் நட்டோட (உள்ள நைலான் வளையம் இருக்கற, தானா தளராத நட்டு).