ரத்தத்தைக் கண்டால் மயக்கம் வரும் எனக்கு ரத்ததானம் செய்ய முடியுமா?

கேள்வி: குலசேகரத்திலிருந்து ஒரு மாணவர்

எனக்கு வயது 21, எடை 58 கிலோ. நோய் எதுவும் இல்லை. ஆயினும் சென்ற ஆண்டு கல்லூரி முகாமில், ஹீமோகுளோபின் பார்ப்பதற்காக விரலில் குத்தி எடுத்த ஒரு சொட்டு ரத்தம் நீலக் கரைசலுக்குள் மெல்ல இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே, காது அடைத்து, உடம்பெல்லாம் வியர்த்து, நாற்காலியில் சரிந்துவிட்டேன். என் அப்பா ரப்பர் பால் வெட்டுபவர். கையில் கத்தி பட்டாலும் துணியைச் சுற்றிக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போய்விடுவார். அவர் மகனான நான் இப்படி இருப்பது மிகுந்த வேதனையைத் தருகிறது. அடுத்த மாதம் நாகர்கோவிலில் அத்தைக்கு அறுவைச் சிகிச்சை நடக்கவிருக்கிறது; உறவினர் இருவர் ரத்தம் கொடுக்க வேண்டும் என்கிறார்கள். நான் கொடுக்க விரும்புகிறேன். வழி உண்டா?

பதில்: நாகர்கோவிலிலிருந்து, ரத்த வங்கியில் பணியாற்றி ஓய்வுபெற்றவர்

தம்பி, இது கோழைத்தனம் அன்று. மற்றப் பயங்களில் நெஞ்சு படபடத்து ரத்த அழுத்தம் ஏறும். ரத்தமும் ஊசியும் பற்றிய பயத்தில் மட்டும், ஏறிய அழுத்தம் பலருக்குச் சட்டென்று இறங்கி, இதயத் துடிப்பும் தளர்ந்து, மூளைக்குச் செல்லும் ரத்தம் குறைந்துவிடுகிறது. குடும்பங்களில் வழிவழியாகவும் இது காணப்படுவதுண்டு.

இதற்கென்றே 1980களில் ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் லார்ஸ் யோரான் ஓஸ்ட் ஒரு பயிற்சியை வகுத்தார். கை, தொடை, வயிற்றுத் தசைகளை, முகத்தில் சூடு ஏறுவது தெரியும்வரை 10 முதல் 15 விநாடி இறுக்கிப் பிடியுங்கள். பிறகு 20, 30 விநாடி இயல்பாக விடுங்கள். இப்படி ஐந்து முறை, நாள்தோறும் வீட்டில் செய்து பழகுங்கள். ரத்தம் கொடுக்கும்போது ஊசி ஏறிய கையைத் தளர விட்டு, கால்களையும் தொடைகளையும் மட்டும் இறுக்க வேண்டும். அழுத்தம் இறங்காமல் பிடித்து நிறுத்துவது அதுதான்.

பதில்: மார்த்தாண்டத்திலிருந்து ஓர் ஆசிரியை

முதல் முறை நான் ஊசியைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஆனால் ரத்தம் ஓடும் குழாய் முன்கையின் மேல் கிடந்ததால், அதன் இளஞ்சூடு தோலில் பட்டுக்கொண்டே இருந்தது. அதுதான் என்னைக் கலக்கியது. இப்போதெல்லாம் குழாயின் அடியில் ஒரு துணியை வைக்கும்படி செவிலியரிடம் கேட்டுக்கொள்கிறேன். அன்று நான் செய்த பெரிய தவறு, முடிந்தவுடனே எழுந்து நடந்தது, வாசலருகே விழுந்துவிட்டேன். கொடுத்த பின் கால் மணி நேரமாவது படுத்திருங்கள். காலையில் புட்டும் மட்டிப்பழமும் வயிறு நிறையச் சாப்பிட்டு, போவதற்குச் சற்று முன் அரை லிட்டர் தண்ணீர் குடியுங்கள். பெண்களுக்கு 120 நாள் இடைவெளி வேண்டும் என்பதால் அதைக் கணக்கிட்டு, இதுவரை ஏழு முறை கொடுத்திருக்கிறேன்.

கேட்டவர்

நன்றி அக்கா, நன்றி ஐயா. விரலில் குத்தும்போதே விழுந்தவன் நான். அந்த இடத்தைக் கடப்பது எப்படி? பாதியில் முடியாமல் போனால் அத்தையின் நிலை என்னவாகும் என்று பயமாக இருக்கிறது.

பதில்: நாகர்கோவிலிலிருந்து, ஓய்வுபெற்றவர்

அத்தையின் உயிரை உங்கள் ஒருவர் தோளில் ஏற்றிக்கொள்ளாதீர்கள் தம்பி. நீங்கள் கொடுக்கும் ரத்தம் எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைக் கிருமிகள், பால்வினை நோய், மலேரியா ஆகியவற்றுக்காகச் சோதிக்கப்பட்டு வங்கியின் இருப்பில் சேரும். அத்தைக்கு ஏற்றப்படுவது உங்கள் பையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. முடியவில்லை என்று சொன்னால் அந்த நொடியே ஊசியை எடுத்துவிடுவார்கள். அப்போது உங்களுக்குப் பதிலாக நண்பர் ஒருவர் கொடுக்கலாம். அவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். முன்பு மயங்கியதைப் பதிவு செய்யும் மேசையிலேயே தெரிவித்துவிட்டு, படுத்துக்கொண்டு விரலை நீட்டலாமா என்று கேளுங்கள்; அந்தக் கரைசலைப் பார்க்க வேண்டிய வேலை அவர்களுடையது.