மறு: 'அர்பன் ஸ்ப்ரால்', 'எமினென்ட் டொமைன்': இரண்டு சொற்கள் வேண்டும்

நண்பர்களுக்கு வணக்கம். நகரம் ஒழுங்கில்லாமல் சுற்றுப்புற வயல்களுக்குள் பரவுவதை ஆங்கிலத்தில் அர்பன் ஸ்ப்ரால் (urban sprawl) என்கிறார்கள். தனியார் நிலத்தைப் பொதுத் தேவைக்கு எடுக்க அரசுக்குள்ள அதிகாரம் எமினென்ட் டொமைன் (eminent domain). இவற்றுக்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையில் வந்த கேள்விகளுக்கு என் பதில்.

> ஸ்ப்ராலுக்கு 'நகர விரிவாக்கம்' புழக்கத்தில் இருக்கிறதே, புதிதாக எதற்கு?

இருக்கிறது ஐயா. ஆனால் அந்தச் சொல்லுக்கு வேறு வேலை கொடுத்தாயிற்று. 2022 அக்டோபரில் சென்னைப் பெருநகரப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக்கி அரசாணை வந்ததே, அது விரிவாக்கம். கோடு போட்டு, அறிவித்து, எல்லையைத் தள்ளிவைப்பது. ஸ்ப்ராலை யாரும் அறிவிப்பதில்லை. நெடுஞ்சாலையோரம் நாலு ஏக்கரை வாங்கி மண்ணடித்து, கல் நட்டு, கொடி கட்டுவார்கள். அடுத்த மனைப்பிரிவு இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும். நடுவில் நெல் நிற்கும்.

இந்த இடைவெளிதான் ஸ்ப்ராலின் அடையாளம். சொல் அதைக் காட்ட வேண்டும். 'நகரப் பரவல்' பரவாயில்லை, ஆனால் கொரோனாவுக்குப் பிறகு 'பரவல்' என்றாலே காய்ச்சல் கணக்கு ஞாபகம் வருகிறது. 'நகரச் சிதறல்' என்றால் நகரமே உடைந்து போன மாதிரி இருக்கிறது. என் ஓட்டு 'நகர்ப் படர்வு' என்பதற்கு. படர்தல் கிடைமட்டமாக நடப்பது. உயர்வதில்லை, தரையைப் பிடித்துக்கொண்டு போவது. ஆள் நெருக்கம் குறைவாக, நிலத்தை அதிகமாகத் தின்னும் வளர்ச்சிக்குப் பொருந்துகிறது. வினையாகவும் ஓடும்: 'நகரம் தெற்கே படர்ந்துவிட்டது.' 'படர்நகர்' என்று வினைத்தொகையும் கிடைக்கும். படர்தாமரைதான் நினைவுக்கு வருகிறது என்று ஒருவர் கேலி செய்திருந்தார். வரட்டுமே, அதுவும் திட்டுத்திட்டாகத்தானே பரவுகிறது!

அடுத்தது எமினென்ட் டொமைன். இதில்தான் எனக்குப் பெரிய மாறுபாடு.

> இது நில எடுப்புதானே? வருவாய்த் துறையில் 'நில எடுப்புத் தனி வட்டாட்சியர்' என்றே பதவி இருக்கிறதே.

நில எடுப்பு என்பது செயல். அறிவிக்கை, விசாரணை, தீர்வம் (இழப்பீட்டை முடிவுசெய்யும் ஆணை), சுவாதீனம் என்று போகும் நடைமுறை. பழைய 'நில ஆர்ஜிதம்', இன்றைய 'கையகப்படுத்தல்' எல்லாம் அதே செயலின் பெயர்கள். எமினென்ட் டொமைன் அந்தச் செயலுக்கு முன்னால் இருக்கும் அதிகாரம். நிலம் யார் பெயரில் இருந்தாலும் அதற்கு மேல் அரசுக்கு ஓர் உரிமை உண்டு என்ற கோட்பாடு. 1625இல் டச்சுச் சட்ட அறிஞர் குரோஷியஸ் லத்தீனில் வைத்த பெயரின் பொருளும் கிட்டத்தட்ட 'மேலான உடைமை' என்பதே.

இரண்டையும் ஒரே சொல்லால் சொன்னால் வழக்குகளைத் தமிழில் எழுதவே முடியாது. அமெரிக்காவில் 2005இல் தீர்ப்பான கீலோ வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். நியூ லண்டன் நகராட்சி, பொருளாதார வளர்ச்சி என்று சொல்லி வீடுகளை எடுத்தது. இழப்பீடு எவ்வளவு என்பதில்லை அங்கே தகராறு. வளர்ச்சித் திட்டத்துக்காக எடுத்துத் தனியார் கையில் கொடுக்கும் அளவுக்கு அந்த அதிகாரம் நீளுமா என்பதே. ஐந்துக்கு நான்கு என்று நகராட்சி வென்றது. அப்புறம் அந்த நிலம் ஆண்டுக்கணக்கில் காலியாகக் கிடந்தது வேறு கதை. இதை 'நில எடுப்பு நீளுமா' என்று எழுதிப் பாருங்கள், பரப்பளவைப் பற்றிப் பேசுவதுபோல் இருக்கும்.

நான் முன்வைப்பது 'மேலுரிமை'. காரணம் நம் ஊர்ப் பழக்கத்திலேயே இருக்கிறது: மேல்வாரம், குடிவாரம். ஒரே வயலில் மேலே ஒருவருக்கு ஒரு பங்கு, உழுபவனுக்கு ஒரு பங்கு என்று சென்னை மாகாணத்து வருவாய்க் கணக்கு நெடுங்காலம் ஓடியது. மேல்வாரம் விளைச்சல் பங்குதானே, நில உரிமை இல்லையே என்று கேட்கலாம். நியாயம்தான். நான் எடுப்பது 'மேல்' என்ற முன்னொட்டின் வேலையை மட்டும். 'இறைமை' வேண்டாம், அது அரசின் முழு ஆட்சியுரிமைக்குப் போய்விட்டது.

இந்த இரண்டு சொற்களையும் ஒன்றாக விவாதிப்பதற்குக் காரணம் உண்டு. இரண்டும் வயலில் சந்திக்கின்றன. மனைப்பிரிவு போட்டவர் வாய்க்கால்மேல் கிராவல் கொட்டிப் பாதையாக்குகிறார். கீழ்மடைக்காரருக்குத் தண்ணீர் வராது. மழை பெய்தால் வடியாது. அறுவடை எந்திரம் வர வழியில்லை. இரண்டு மூன்று பசலி (வருவாய்த் துறைக் கணக்காண்டு) பயிர் வைத்துப் பார்த்துவிட்டு அவர் விட்டுவிடுகிறார். அடங்கலில், அதாவது கிராமப் பயிர்க் கணக்கில், 'தரிசு' என்று ஏறிவிடும். 2013ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின் 10ஆம் பிரிவு, பாசனம் உள்ள பலபோக நிலத்தை வேறு வழியே இல்லாதபோதுதான் எடுக்கலாம் என்கிறது. (சாலை, ரயில் பாதை, கால்வாய் போல நீளவாக்கில் போகும் திட்டங்களுக்கு அந்தத் தடையும் இல்லை.) இருபோகம் விளைந்த நிலம் ஏட்டில் தரிசாகிவிட்டால் அந்தக் காப்பைக் கேட்கவும் வாயில்லை. படர்வு முதலில் நிலத்தைத் தரிசாக்குகிறது, மேலுரிமை பின்னால் வந்து எடுத்துக்கொள்கிறது. எடுத்த நிலத்தில் போட்ட சாலையின் இருபுறமும் மறுபடி கல் நடுகிறார்கள்.

இழப்பீட்டிலும் ஒரு சிக்கல். அக்கம்பக்கப் பத்திரங்களில் எழுதிய விலையையும் வழிகாட்டி மதிப்பையும் வைத்தே சந்தை மதிப்பைக் கணக்கிடுகிறார்கள். முத்திரைக் கட்டணத்துக்குப் பயந்து ஊரே பத்திரத்தில் குறைத்து எழுதியிருந்தால், அதன்மேல் நூறு சதவீத ஆறுதல் தொகை வந்தாலும் கை நிறையாது.

தனியார் நிறுவனத்துக்காக எடுத்தால் 80 சதவீதக் குடும்பங்களின் ஒப்புதல் வேண்டும் என்பதும் அதே 2013 சட்டம்தான். தமிழ்நாடு தன் மூன்று பழைய நில எடுப்புச் சட்டங்களுக்கு அதிலிருந்து விலக்கு வாங்கியது. 2019இல் சென்னை உயர் நீதிமன்றம் அது செல்லாது என்றதும், புதுச் சட்டம் இயற்றி அவற்றை உயிர்ப்பித்தது. 2021இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. மேலுரிமை எவ்வளவு மேலே இருக்கிறது என்பதற்கு வேறு உதாரணம் தேவையில்லை.

ஆக, என் பரிந்துரை: நகர்ப் படர்வு, மேலுரிமை. நில எடுப்பு இப்போதுள்ள பொருளிலேயே இருக்கட்டும். ஈழத்து நண்பர்களிடம் ஒரு கேள்வி. அங்கே 'காணி சுவீகரிப்பு' என்கிறீர்கள். அதுவும் செயலைத்தான் குறிக்கிறது என்று நினைக்கிறேன். அதிகாரத்துக்கு உங்கள் பக்கம் தனிச்சொல் ஏதும் புழக்கத்தில் இருக்கிறதா? இருந்தால் மேலுரிமையை விட்டுவிட்டு அதையே எடுத்துக்கொள்ளலாம்.