பழைய ஜெர்மன் கையெழுத்து படிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம். வின்னிபெக்கில் எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டி மெனோனைட் (ஜெர்மன் பேசிவந்த ஒரு கிறிஸ்தவப் பிரிவு) குடும்பத்தைச் சேர்ந்தவர். அவருடைய பெற்றோர் 1924இல், இன்றைய உக்ரைனில் உள்ள மொலோச்னா குடியேற்றத்திலிருந்து கனடாவுக்கு வந்தவர்கள். அவர்கள் கொண்டுவந்த கடிதங்கள் ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் அடங்கிவிட்டன. இதே ஊரில் உள்ள மெனோனைட் ஆவணக் காப்பகத்தில் அவற்றைச் சேர்த்துவிட நினைக்கிறார். அதற்குமுன் எது யாருடையது என்று பட்டியல் எழுதும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. நானாகக் கேட்டு வாங்கிக்கொண்டதுதான்!

கடிதங்கள் குர்ரென்ட் என்ற பழைய ஜெர்மன் கையெழுத்தில் இருக்கின்றன. அதில் 'e' எழுத்து பார்ப்பதற்கு 'n' போலவே இருப்பதால், ஒரு பெயரைப் படிக்கவே அரை மணி நேரம் ஆகிறது. தேதியிலும் குழப்பம். 1918 வரை ரஷ்யாவில் (மொலோச்னாவும் அப்போது அதில்தான் இருந்தது) பழைய ஜூலியன் நாட்காட்டிதான். 20ஆம் நூற்றாண்டில் அது நம்முடைய இன்றைய நாட்காட்டியைவிட 13 நாள் பின்தங்கியிருந்தது. பட்டியலில் இரண்டு தேதிகளையும் எழுதுவதா?

அதைவிடப் பெரிய கவலை புகைப்படங்கள். யாரோ பிற்காலத்தில் அவற்றைப் பசைத்தாள் ஆல்பத்தில் ஒட்டிவிட்டார்கள். ஒரு திருமணப் படத்தின் மூலையை நகத்தால் நெம்பினேன். மணப்பெண்ணின் கறுப்பு உடையில் மயிரிழை அளவுக்கு விரிசல் விட்டுவிட்டது. அப்படியே மூடி வைத்துவிட்டேன். பல் இடுக்கு நூலை அடியில் விட்டு மெல்ல அறுத்தெடுக்கலாம் என்கிறார்கள். யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா? இல்லை, பக்கத்தோடு அப்படியே ஸ்கேன் செய்துவிடுவது நல்லதா?

கையெழுத்து தெரிந்தவர்கள் சொன்னால், பாட்டியிடம் அனுமதி கேட்டு இரண்டு பக்கங்களை அனுப்புகிறேன்.