புதுப்பிப்பு: ரைன் நதிப் படகுப் பயணம் முடிந்தது

பிராங்பர்ட்டில் இறங்கிய அன்றே ரைன் நதியில் படகு ஏறலாமா என்று கேட்டிருந்தேன். முதல் இரவு மைன்ஸில் தங்கச் சொன்னீர்கள். நல்லவேளை கேட்டேன், விமானம் மூன்று மணி நேரம் தாமதம்!

விமான நிலையத்திலிருந்து எஸ்8 ரயில் நேராக மைன்ஸ் போகிறது. மறுநாள் பிங்கன் வரை ரயில், அப்புறம் சங்க்ட் கோர் வரை படகு. நீரோட்டத்தோடு போவதால் சீக்கிரம் போய்விடுகிறது. எதிர்த்திசையில் நேரம் கூடும். காவுப் ஊருக்கு எதிரே, நட்டாற்றில் வெள்ளைக் கோட்டை, நங்கூரமிட்ட கப்பல் மாதிரியே. அம்மா கம்பியைப் பிடித்தபடி கண் எடுக்கவில்லை. 132 மீட்டர் உயர லோரலை பாறையடியில் ஆறு சட்டென்று குறுகி வளைகிறது.

திரும்பும் ரயிலில் இடப்பக்க ஜன்னலைப் பிடியுங்கள், ஆறு கூடவே வரும். வழிகாட்டிய எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.