புதுப்பிப்பு: ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப நிமோனியா, காரணம் தெரிந்துவிட்டது

எங்கள் 3 வயது மகளுக்கு ஒரே வருடத்தில் 4 முறை நிமோனியா வந்தது ஏன் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

ஆஸ்துமா, மூச்சுக்குழாயில் ஏதாவது சிக்கியிருக்கலாம் என்றெல்லாம் சொன்னீர்கள். அவை இல்லை. கைகொடுத்தது, "பழைய எக்ஸ்ரேக்களை வரிசையாக வைத்துப் பாருங்கள்" என்ற யோசனைதான். நான்கிலும் நிழல் இடது நுரையீரலின் கீழ்மடலில். அவள் நன்றாக இருந்தபோது எடுத்த படத்திலும் அது முழுதாக மறையவில்லை! அதைக் காட்டியதும் டாக்டர் காண்ட்ராஸ்ட் ஊசி (ரத்தக் குழாய்களைப் படத்தில் தெளிவாகக் காட்டும் மருந்து) போட்டு சிடி ஸ்கேன் எடுக்கச் சொன்னார்.

விடை: பல்மனரி சீக்வெஸ்ட்ரேஷன். நுரையீரலின் ஒரு பகுதி பிறவியிலேயே மூச்சுக்குழாயோடு சரியாக இணையாமல் இருப்பது. நாங்கள் எதிர்பார்க்காதது, அதற்கு ரத்தம் மகாதமனியிலிருந்தே (இதயத்திலிருந்து உடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய்) தனிக் குழாய் வழியாக வந்துகொண்டிருந்தது. காண்ட்ராஸ்ட் இல்லாத சிடியில் இந்தக் குழாய் எளிதில் தப்பிவிடும். அது இருப்பது தெரியாமல் அறுவை செய்தால் கடுமையான ரத்தப்போக்கு ஏற்படலாம். அதனால் காண்ட்ராஸ்ட் பற்றித் தயங்காமல் கேளுங்கள்.

அந்தப் பகுதியை அகற்றியாகிவிட்டது. அப்புறம் இதுவரை காய்ச்சல் இல்லை, இரவில் இருமாமல் தூங்குகிறாள்.