ஏஇசட் எடுத்தாச்சு, முதல் கொம்பனி எது?

வடலி:
எல்லாருக்கும் வணக்கம். கனடாவில, ஸ்காபரோவில இருக்கிறன். பிளாஸ்ரிக் ஃபக்ரறியில மெஷின் ஒப்பரேற்றரா இருந்தனான், போன வருசம் அதை மூடிப்போட்டாங்கள். 103.5 மணித்தியாலப் பயிற்சி முடிச்சு பெரிய ரெயிலர் ட்றக் ஓடுற ஏஇசட் லைசன்ஸ் எடுத்திட்டன். லோங் ஹோல், அதாவது தூர ஓட்டம் ஓடத்தான் விருப்பம். ரண்டு இடத்தில வரச்சொல்லியிருக்கினம். ஒண்டு பிரம்டனில சின்னக் கொம்பனி. மைலுக்குக் கூடக் காசு, ஆனா என்ர பேரில கோர்ப்பரேஷன் திறக்கட்டாம், வரி ஒண்டும் வெட்டமாட்டினமாம். மற்றது பெரிய கொம்பனி. காசு குறைவு, ரி4 (சம்பள வேலையாளுக்குக் குடுக்கிற வரித் துண்டு) தருவினம், முதல் ஆறு கிழமை ட்ரெய்னரோட ஓடவேணும். மோட்கேஜ் இருக்கு, பிள்ளையள் ரண்டு. மனம் முதலாவது பக்கம்தான் இழுக்குது. ஓடுற ஆக்கள் என்ன சொல்லுறியள்?

நெடுஞ்சாலை17:
தம்பி, யோசியாமல் ரண்டாவதுக்குப் போங்கோ.

ட்றக் அவையின்ர, லோட் அவையின்ர, எத்தினை மணிக்கு எங்க நிக்கிறதெண்டு சொல்லுறதும் அவை. பிறகு நீங்கள் எப்பிடித் தனி பிஸ்னஸ்? இதைத்தான் இங்க ‘ட்ரைவர் இங்க்’ எண்டு சொல்லுறது. சிஆர்ஏ (வரித் திணைக்களம்) பிடிச்சால் சின்ன பிஸ்னஸுக்கான வரிச்சலுகை கிடையாது, ஒன்ராறியோவில 44.5 வீதம் கட்டவேணும். ஈஐ (வேலை போனால் கிடைக்கிற காசு) இல்லை, வெக்கேஷன் பே இல்லை, சிபிபியில (பென்ஷன்) முதலாளியின்ர பங்கையும் நீங்களே கட்டவேணும். மாகாணம் தாண்டி ஓடுற கொம்பனியளுக்கு மத்திய அரசின்ர தொழிற்சட்டம்தான். வேலையாளைக் கொன்ராக்ரர் எண்டு காட்டுறது 2021 சனவரியில இருந்து அதில தடை. அந்தக் கூடின மைல் காசு உங்கட காசுதான் தம்பி, வேற பொக்கற்றில இருந்து எடுத்துத் தருகினம்.

ட்ரெய்னர் விசயம் அதைவிடப் பெரிசு. சூ செயின்ற் மரி தாண்டி வாவா போற வழியில மொன்றியல் ரிவர் இறக்கம் இருக்கு. எனக்குப் பழக்கின பஞ்சாபி மனுசன் சனவரியில அங்க மேலயே கியரைக் குறைக்கவைச்சு, ஜேக் பிரேக்கை (இஞ்சினால வேகம் குறைக்கிற பிரேக்) நிப்பாட்டச் சொன்னார். வழுக்கிற றோட்டில அது இஞ்சின் சுத்துற ட்ரைவ் ரயரை மட்டும்தான் பிடிக்கும், பின்னால ரெயிலர் தள்ளிக்கொண்டு வந்து மடக்கிப்போடும். “கண்ணாடியைப் பார், ரயரில இருந்து தண்ணி தெறிக்குதோ?” எண்டு கேட்டார். றோட் ஈரமாத் தெரியுது, ஆனா தெறிக்கிறது நிண்டிட்டுது எண்டால் அது ஐஸ். இண்டைக்கும் நான் அந்தக் கண்ணாடியைப் பார்த்துத்தான் ஓடுறன். பிரம்டன்காரர் உங்களைத் தனியத்தானே அனுப்பப்போகினம்?

நிலா_டிஸ்பாச்:
அண்ணை சொன்னது சரி. ஆனா பெரிய கொம்பனி எண்டு கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்து வைக்காதேங்கோ. நான் ட்றக்குகளை ஓட்டத்துக்கு அனுப்புற டிஸ்பாச்சில இருந்தனான். மைல் எண்டால் எந்த மைல் எண்டு கேளுங்கோ: நீங்கள் உண்மையில ஓடினதோ, கொம்பியூட்டர் காட்டுற குறுக்குவழியோ? டொக்கில லோட் இறக்கக் காத்திருக்கிற நேரத்துக்குக் காசு இருக்கோ, எத்தினையாவது மணித்தியாலத்தில இருந்து? அமெரிக்காவில வேலை தொடங்கினதில இருந்து எண்ணுற 14 மணித்தியாலக் கணக்கு (அது முடிஞ்சால் ஓடேலாது) நீங்கள் டொக்கில நிண்டாலும் ஓடிக்கொண்டுதான் இருக்கும், நேரம் பதியிற ஈஎல்டி மெஷினில மறைக்கேலாது. புயலில ஹைவே 17ஐப் பூட்டி நீங்கள் வாவாவில ஒரு நாள் கிடந்தால் என்ன தருவினம்? ஒரு வருசத்துக்குள்ள விட்டால் பயிற்சிக் காசைத் திருப்பிக் கட்டவேணும் எண்டு எழுதியிருக்கோ? எல்லாத்தையும் எழுத்தில வாங்குங்கோ. ‘பாப்பம்’ எண்டு சொன்னால் இல்லை எண்டுதான் அர்த்தம்.

ரண்டு கொம்பனியின்ர சிவிஓஆர் றெக்கோட்டையும் (ஒன்ராறியோ வைச்சிருக்கிற பாதுகாப்புப் பதிவு) எடுத்துப் பாருங்கோ. எல்லை தாண்டி ஓடுற கொம்பனி எண்டால் அமெரிக்காவின்ர ‘சேஃபர்’ இணையத்தளத்தில கொம்பனியின்ர டொட் நம்பரை (அமெரிக்கப் போக்குவரத்துத் துறை குடுக்கிற இலக்கம்) போட்டால் விபத்து, சோதனையில எத்தினை ட்றக்கை றோட்டில நிப்பாட்டினவை எல்லாம் சும்மாவே பாக்கலாம்.

கிளிநொச்சியான்:
ஒரு விசயம் விட்டிட்டினம். நீங்கள் பிஆர் (நிரந்தர வதிவிடம் மட்டும்), பாஸ்போட் இலங்கை எண்டால் அமெரிக்கா ஓட விசா வேணும். சிற்றிசன் இல்லாட்டி கனடாவுக்குள்ள மட்டும் ஓடுற வேலை இருக்கோ எண்டு முதலே கேளுங்கோ.

வடலி:
எல்லாருக்கும் நன்றி. நான் சிற்றிசன்தான். பிரம்டனுக்கு ஃபோன் அடிச்சு, காத்திருக்கிற காசும், அடிபட்டால் டபிள்யூஎஸ்ஐபி (வேலையில காயப்பட்டால் தாற காப்புறுதி) இருக்கோ எண்டும் கேட்டன். “நீர்தானே கொம்பனி, நீர்தான் போடவேணும்” எண்டார். வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டன். மற்ற இடத்தில பயிற்சிக் காசு ஒப்பந்தம் இருக்காம், ஒரு வருசம். பேப்பரை அனுப்பச் சொல்லியிருக்கிறன். நிலா அக்கா, வந்தவுடன அந்தப் பகுதியை இங்க போடுறன், ஒருக்காப் பாருங்கோ.