ஆறு நாள் ஜூரி வேலை, செக்கில் 143 டாலர்: கணக்கு சரிதானா?

புதுக்குடிமகன்:
வணக்கம். கலிஃபோர்னியாவில் இருக்கிறேன், குடியுரிமை வாங்கியபின் வந்த முதல் ஜூரி (வழக்கைக் கேட்டு முடிவு சொல்லும் பொதுமக்கள் குழு) சம்மன். மாநில நீதிமன்றம், சிவில் வழக்கு. ஆறு நாள் போனேன். ஒரு நாளைக்கு 15 டாலர் என்று சம்மனிலேயே போட்டிருந்தது, அப்படியென்றால் 90 வரவேண்டும். செக்கோடு வந்த துண்டுச் சீட்டில் 75.00 என்று ஒரு வரி, மைலேஜ் (பயணப்படி) 68.00 என்று இன்னொரு வரி. வீட்டிலிருந்து கோர்ட் 20 மைல். ஒரு நாளை விட்டுவிட்டார்களா?

எனக்கு மணிக்கூலி, மணிக்கு 24 டாலர். ஆறு நாளில் போனது 1,152. ஜூரிக்குப் போனால் சம்பளம் கிடையாது என்று எச்.ஆரில் கைவிரித்துவிட்டார்கள். அப்படிச் சொல்ல முடியுமா?

கணக்குப்பிள்ளை:
செக் சரிதான் தம்பி. அங்கே முதல் நாளுக்குக் காசு இல்லை, இரண்டாம் நாளிலிருந்துதான். 5 × 15 = 75. மைலேஜும் அப்படியே: போக வர 40 மைல், மைலுக்கு 34 சென்ட், ஐந்து நாளுக்கு 68. ஒரு சென்ட்கூடக் குறையவில்லை.

அந்த 15 டாலர் 2000 ஜூலையில் வைத்தது. 2025இல் மாநிலத்தின் குறைந்தபட்சக் கூலியே மணிக்கு 16.50. அதாவது ஒரு முழு நாள் ஜூரிக்கு ஒரு மணி நேரக் கூலிகூட இல்லை.

ஒன்று மறக்காதீர்கள். அந்த 75ஐ வரிக் கணக்கில் காட்டவேண்டும்.

மூன்றுமுறை_ஜூரி:
எச்.ஆர். சொன்னதும் சட்டப்படி சரியே, வயிறு எரிந்தாலும். ஜூரிக்குப் போன நேரத்துக்குச் சம்பளம் கொடு என்று மத்தியச் சட்டமும் சொல்லவில்லை, கலிஃபோர்னியாவும் தனியார் கம்பெனிகளைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போனவரை ஜூரியைக் காரணம் காட்டி வேலையை விட்டுத் தூக்க முடியாது. சேர்த்துவைத்த விடுப்பு இருந்தால் அந்த நாட்களுக்கு எடுத்துக்கொள்ளலாம். அதைக் கேட்டீர்களா?

எனக்கு மாதச் சம்பளம், ஓவர்டைம் கிடையாத வேலை. அந்த வாரத்தில் கொஞ்சம் வேலை பார்த்திருந்தாலும் ஜூரி நாட்களுக்காகச் சம்பளத்தைப் பிடிக்கக்கூடாது, கோர்ட் கொடுத்த காசை மட்டும் கழிக்கலாம். ஒரே பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு மணிக்கூலி என்றால் அவருக்கு இது இல்லை. என்ன நியாயமோ!

புதுக்குடிமகன்:
விடுப்பு பற்றித் தோன்றவே இல்லை அண்ணா. ஏழு நாள் இருக்கிறது. எல்லா மாநிலத்திலும் இப்படித்தானா?

பாஸ்டன்காரி:
இல்லை. மாசசூசெட்ஸில் முதல் மூன்று நாளுக்கு முதலாளிதான் வழக்கமான சம்பளம் தரவேண்டும், நான்காம் நாளிலிருந்து மாநிலம் நாளுக்கு 50 டாலர் தரும். நியூயார்க்கில் 40ஆக இருந்ததை 2025 ஜூனில் 72 ஆக்கினார்கள். ஃபெடரல் கோர்ட் என்றால் 50.

சான் ஃபிரான்சிஸ்கோவில் 2022இல் ஒரு சோதனைத் திட்டம் தொடங்கினார்கள், வருமானம் குறைந்தவர்களுக்கு நாளுக்கு 100 டாலர். எனக்குச் சரியாகப் பட்டது அதுதான். 15 டாலருக்கு ஆறு நாள் உட்கார முடிகிறவர் யார்? ஓய்வு பெற்றவர், இல்லையென்றால் கம்பெனி சம்பளம் போடுகிறவர். அப்புறம் ஜூரியில் ஊரே இருக்கிறது என்று எப்படிச் சொல்வது?

மூன்றுமுறை_ஜூரி:
அடுத்த முறைக்கு ஒன்று. ஜூரி தேர்வின்போது நீதிபதி "வழக்கு இத்தனை நாள் ஓடும், யாருக்காவது சிரமமா?" என்று கேட்பார். அப்போதே கை தூக்கவேண்டும். வீட்டு வருமானம் எங்கிருந்து வருகிறது, கம்பெனி ஈடு செய்யுமா, வழக்கு எத்தனை நாள், இதையெல்லாம் பார்த்து விடுவிப்பார்கள். பிரமாணம் எடுத்தபின் சொன்னால் கஷ்டம்.

புதுக்குடிமகன்:
கேட்டார், நான்தான் கூச்சப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன்.

புதுக்குடிமகன் (நான்கு நாள் கழித்து):
எச்.ஆருக்கு எழுதினேன். நான்கு நாளை விடுப்பாக மாற்றிவிட்டார்கள், 768 டாலர் அடுத்த சம்பளத்தோடு வரும். மீதி மூன்று நாள் விடுப்பைப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். பார்க்கிங் ரசீது ஆறு இருக்கிறது, அதற்கு யாரும் தரமாட்டார்கள்தானே?